வாக்கிங் நான்கே நாளில் நின்றுபோகிறதா? கடைசி ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள்!

ஜனவரி பிறந்ததும் புது ஷூ வாங்குபவர்கள் ஏராளம். அலாரம் வைத்து எழுந்து, பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். கடைசிச் சுற்றில்தான் வீரம் வரும். ஓட்டமாக ஓடி, மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து சோபாவில் விழுவார்கள். நான்காம் நாள் அலாரம் அடித்தால் கை தானாகப் போய் அணைத்துவிடும்.

'எனக்கு மன உறுதி பத்தாது' என்று தன்னையே திட்டிக்கொள்வதுதான் வழக்கம். ஆனால், தப்பு அந்தக் கடைசிச் சுற்றில் இருக்கலாம்.

2002-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், சகாக்களோடு சேர்ந்து 1993-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை, அதே 60 விநாடியோடு கூடுதலாக 30 விநாடி. அந்த 30 விநாடியில் தண்ணீர் மெள்ள மெள்ள 15 டிகிரிக்கு வரும். ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம். அப்போதும் கை கடுக்கத்தான் செய்யும்.

'மறுபடி ஒருமுறை வைக்க வேண்டும், எது வேண்டும்?' என்று கேட்டபோது, 32 பேரில் 22 பேர் அந்த 90 விநாடியையே கேட்டார்கள். வலி அதிகம், ஆனால் முடிவு இதம்!

இது தண்ணீரோடு நிற்கவில்லை. கனடாவின் டொரான்டோவில் டாக்டர் டொனால்ட் ரெடல்மையரும் கானமனும், கொலோனோஸ்கோபி செய்துகொண்ட 154 பேரிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டுக் குறித்தார்கள். சிலருக்கு 4 நிமிடத்தில் முடிந்தது, சிலருக்கு 69 நிமிடம் ஆனது. பிறகு கேட்டால், எவ்வளவு நேரம் ஆனது என்பது நினைவில் கணக்காகவே இல்லை. வலி உச்சத்தில் இருந்த நேரமும் கடைசி சில நிமிடங்களும்தான் மனதில் தங்கியிருந்தன.

2003-ல் வெளியான அடுத்த ஆய்வில் 682 நோயாளிகள். பாதிப் பேருக்கு, பரிசோதனை முடிந்தபின்னும் குழாயை உடனே எடுக்காமல், அதன் நுனியைச் சிறிது நேரம் அசைக்காமல் விட்டுவைத்தார்கள். அசௌகரியம்தான், ஆனால் வலி குறைவு. 'அவ்வளவு மோசமில்லை' என்று நினைவு வைத்திருந்தவர்கள் இவர்களே. பின்னாளில் மறுபரிசோதனைக்கு வந்தவர்களும் இவர்களில்தான் சற்று அதிகம்.

நோயாளியைத் தேவைக்கு மேல் படுக்க வைப்பது சரியா என்ற உறுத்தல் வரலாம். நியாயமான உறுத்தல்தான். ஆனால், முதல் அனுபவத்துக்குப் பயந்து ஒருவர் அடுத்த பரிசோதனைக்கே வராவிட்டால், ஆரம்பத்தில் பிடிபட வேண்டிய குடல் புற்றுநோய் பிடிபடாமலே போகலாம். (இன்று பல இடங்களில் மயக்க மருந்து கொடுத்தே செய்வதால், இந்த வித்தைக்கு அவசியம் குறைவு.)

சரி, பூங்காவுக்குத் திரும்புவோம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் 46 பேர் 15 நிமிடம் உடற்பயிற்சி சைக்கிள் மிதித்தார்கள். ஒரு குழு லேசாகத் தொடங்கிக் கடினமாக முடித்தது. மற்றது கடினமாகத் தொடங்கி லேசாக முடித்தது. இரண்டாவது குழுவுக்குத்தான் பயிற்சி இனிமையாக நினைவிருந்தது. அடுத்த முறையும் நன்றாக இருக்கும் என்று அவர்களே அதிகம் எதிர்பார்த்தார்கள்.

ஆக, உடல் கொஞ்சம் சூடானதும் வேகச் சுற்றுகளை முடித்துவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடம் அரட்டை அடித்தபடி நடக்கலாம். இதயப் பிரச்னை, மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே வேகம் கூட்டவும்.

பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். வராத கணக்கில் திட்டு வாங்கி, அழுதபடி நோட்டை மூடும் பிள்ளைக்கு மறுநாள் அதே நேரம் வயிறு வலிக்கும்! அந்தக் கணக்கை முதலில் போட வைத்துவிட்டு, நன்றாகத் தெரிந்த இரண்டு கணக்கோடு முடியுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.