‘போலாம் ரைட்’: ஒரு வரியில் பழகும் எழுத்துக்கலை

பாரிஸில் கல்லிமார் பதிப்பகம் 1964இல் ஒரு நாடகப் புத்தகம் வெளியிட்டது. அயனெஸ்கோ எழுதிய ‘வழுக்கைத் தலைப் பாடகி’. நாடகம் புதிதல்ல, 1950இலேயே மேடையேறிவிட்டது. புதிதாக இருந்தது புத்தகத்தின் பக்கம். நாடக நூல் என்றால் பாத்திரத்தின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பிறகு வசனம் என்று வரிகள் இறங்கும். இதில் அந்த ஒழுங்கு கிடையாது. நடிகர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் பக்கத்தில் நிற்கின்றன, அவர்களை ஒட்டியே வசனம் வருகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி எழுத்துரு. குரல் உயர்ந்தால் எழுத்து பெரிதாகிறது. ஒரே நேரத்தில் பேசினால் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. யாரும் பேசாதபோது தாள் வெறுமையாகக் கிடக்கிறது. கடைசியில் சண்டை முற்றும்போது எழுத்துகள் வரியிலிருந்து கழன்று பக்கமெங்கும் சிதறுகின்றன.

இதை வடிவமைத்தவர் ராபர்ட் மாஸான். 1925இல் பிறந்து 2020இல் மறைந்த இவர், கல்லிமாரின் கலை இயக்குநராக இருபது ஆண்டுகள் இருந்தவர். அந்த நாடகத்தைப் பலமுறை அரங்கில் உட்கார்ந்து பார்த்தார், ஒலிப்பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்டார். எந்த நடிகர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே குரல் கீச்சிடுகிறது என்று காதால் அளந்த பிறகே தாளைத் தொட்டார். கணினி மேசைக்கு வராத காலம் அது. எழுத்துகளைப் படமெடுத்து, பெரிதாக்கி, வெட்டி, ஒட்டிச் செய்த வேலை.

எழுத்துக்கலையைக் கற்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இன்று வடிவமைப்பு படிக்கும் மாணவர் பெரும்பாலும் தொடங்குவது ஃபான்ட்களின் பெயரில். எது செரிஃப், எது சான்ஸ் செரிஃப், எந்த நூற்றாண்டில் எது வந்தது என்று மனப்பாடம் செய்கிறார். தேர்வு முடிந்ததும் அதில் பாதி போய்விடும். மாறாக, ஒரு வரியைக் கையில் கொடுத்து ‘இதைச் சத்தமாகப் படிக்காமலே படிப்பவருக்குக் கேட்கும்படி செய்’ என்று சொல்லிப் பாருங்கள். அளவு, கனம், இடைவெளி, வரியின் நீளம், தாளின் வெறுமை எல்லாம் அந்த ஒரு வேலைக்குள் வந்துவிடும். ஒவ்வொரு முடிவுக்கும் அவர் காரணம் சொல்லியாக வேண்டும். ‘அழகாக இருந்தது’ என்பது அங்கே செல்லாது.

தமிழுக்கு இது வெளியிலிருந்து வந்த புதுமையும் அல்ல. எழுத்தைப் பொருளின் வடிவிலேயே நிறுத்தும் சித்திரகவிக்குத் தண்டியலங்காரம் இலக்கணமே வகுத்திருக்கிறது. எழுகூற்றிருக்கை என்ற வகையை எடுத்துக்கொள்வோம். ஒன்று என்ற எண்ணைச் சுட்டும் சொல்லில் தொடங்கி, ஒன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று இரண்டு ஒன்று என ஏழு வரை ஏறி இறங்கும் செய்யுள். திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் பாடியிருக்கிறார்கள். இதைக் கட்டம் போட்டு எழுதினால் தேர் எழும்பும். ரதபந்தம் என்பது அதன் பெயர். நாகபந்தத்தில் பாம்புகளின் உடல் பின்னும் இடத்தில் இருக்கும் ஓர் எழுத்தை இரண்டு வரிகளும் பங்கு போட்டுக்கொள்ளும். எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்பதைப் புலவர் பாடும்போதே கணக்கிட்டிருக்கிறார். பக்க வடிவமைப்பு என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்த பக்க வடிவமைப்பு இது. ஆனால் இதைத் தமிழிலக்கிய மாணவர் அணியிலக்கணமாகப் படிக்கிறார், வடிவமைப்பு மாணவர் பார்ப்பதே இல்லை. இரண்டு துறைக்கும் இடையே ஒரு கதவு திறக்க வேண்டும்.

சரி, எந்த வரியைக் கொடுப்பது? பெரிய கவிதை வேண்டாம். நகரப் பேருந்தில் நடத்துநர் சொல்லும் ‘போலாம் ரைட்’ போதும்.

‘போ’ நெடில், ‘லா’ நெடில், ‘ம்’ மெய். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை என்று தமிழ் இலக்கணம் எழுத்துக்கு எழுத்து நேரக் கணக்கு வைத்திருக்கிறது. ஆக ‘போலாம்’ நாலரை மாத்திரை. இந்தக் கணக்கையே அகலக் கணக்காக மாற்றினால் என்ன? ஒரு மாத்திரைக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து மாணவர் ‘போ’வையும் ‘லா’வையும் இரண்டிரண்டு சென்டிமீட்டரில் பரப்பி, ‘ம்’மை அரை சென்டிமீட்டரில் ஒடுக்கட்டும். பிறகு உண்மையில் நடத்துநர் சொல்வதைக் கவனிக்கட்டும். அவர் ‘லா’வில்தான் குரலை இழுக்கிறார், ‘ரைட்’டைச் சட்டென்று வெட்டுகிறார். இலக்கணக் கணக்குக்கும் வாய்க்கணக்குக்கும் உள்ள வேறுபாடு தாளில் தெரிய வேண்டும். மாஸான் நாடா ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு தேடியதற்கு நம்மிடம் இலக்கண அளவுகோலே இருக்கிறது என்பது தமிழ் மாணவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு.

இழுப்பதற்கும் நம்மிடம் பழைய வழி உண்டு. நெட்டெழுத்தை அடுத்து அதன் இனமான குற்றெழுத்தை எழுதி ஓசையை நீட்டுவதை அளபெடை என்கிறோம். ஆஅ, ஓஒ என்று எழுதும்போது நீளம் கண்ணுக்கே தெரிகிறது. கைபேசியில் ‘டேய்ய்ய்’ என்று தட்டும் பிள்ளைகளும் அவர்களை அறியாமல் ஓசையை எழுத்தால் நீட்டத்தான் பார்க்கிறார்கள்.

ஆங்கிலத்தில் கூச்சலைக் காட்டப் பெரிய எழுத்துகள் இருக்கின்றன. அழுத்தம் காட்டச் சாய்வெழுத்து இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்வெழுத்தும் நம் மரபில் வளர்ந்ததல்ல. மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் தமிழெழுத்து இயந்திரத்தனமாகச் சாய்கிறது, சுழிகள் நசுங்குகின்றன, ‘ஞ’வும் ‘ஐ’யும் நிலை தடுமாறுகின்றன. அப்படியானால் தமிழில் எப்படி அழுத்துவது? கனத்தாலா, அளவாலா, இடைவெளியாலா, நிறத்தாலா? ஆங்கிலப் பாடநூலில் இதற்கு விடை கிடைக்காது. மாணவர் தமிழ் வரியோடு மல்லுக்கட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மல்லுக்கட்டும்போதுதான் எழுத்தின் உடற்கூறு புரியும். ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகத் தெரிந்தாலும் ஓர் எழுத்து. கடைப் பலகைகளில் பெயரைச் செங்குத்தாக எழுதும்போது கொம்பு ஒரு வரியிலும் மெய்யெழுத்து அடுத்த வரியிலும் கால் அதற்குக் கீழுமாக விழுவதை ஊருக்கு ஊர் பார்க்கலாம். ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் சில மென்பொருள்களில் கொம்பு தன் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். தமிழுக்கு உரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும் செலவில் அச்சான விளம்பரத் தட்டிகளில்கூட இந்தப் பிழை வருகிறது. தமிழெழுத்தை ஒருமுறையாவது கையால் பிரித்துச் சேர்த்துப் பழகியவர் கண்ணில் அது தப்பாது.

வரி இடைவெளியும் அப்படித்தான். ‘மூ’, ‘கூ’ போன்றவை கீழே இறங்குகின்றன, ‘தீ’யின் சுழியும் மெய்யின் புள்ளியும் மேலே ஏறுகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழைக் கட்டினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். தமிழ்ச் சொற்கள் விகுதியும் உருபும் ஏறி நீள்பவை. செய்தித்தாளின் குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். அதனால்தான் நம் நாளிதழ்கள் சொல்லை எங்கு வேண்டுமானாலும் இணைப்புக்கோடு இல்லாமலே உடைக்கின்றன. ஆனாலும் புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்கக் கூடாது என்ற ஒழுங்கைப் பழைய அச்சுக்கோப்பாளர்கள் கைப்பழக்கமாகவே வைத்திருந்தார்கள். அந்தக் கைப்பழக்கம் மென்பொருளுக்குத் தானாக வந்துவிடாது, சொல்லிக்கொடுக்கப்பட வேண்டியது.

எழுத்தின் அளவு என்பது ரசனை மட்டும் அல்ல என்பதைத் தரங்கம்பாடி கற்றுத் தருகிறது. அங்கே மதபோதகர் சீகன்பால்கு நடத்திய அச்சகத்துக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியவை. அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து 1715இல் நூலை முடித்தார்கள். தாளின் விலை எழுத்தின் அளவைத் தீர்மானித்தது.

வடிவத்துக்குக் காலமும் உண்டு. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. ‘லை’, ‘ணை’, ‘னை’, ‘ளை’ அதற்கு முன் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டவை. ஒரு பாட்டியின் கடிதத்தைப் பக்கத்தில் வடிவமைக்கும் மாணவர் அந்தப் பழைய வடிவைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தினால் ஒரு விளக்கமும் இல்லாமல் காலம் வந்து நிற்கும்.

இதெல்லாம் விளையாட்டு, நாளை வேலைக்குப் போனால் பாடப்புத்தகமும் விண்ணப்பப் படிவமும்தானே செய்யப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மாஸானே விடை. எழுத்துகளைத் தாளெங்கும் சிதறடித்த அதே மனிதர்தான் கல்லிமாரின் மலிவு விலை வரிசையான ஃபோலியோவை 1972இல் வடிவமைத்தார். வெள்ளை அட்டை, அமைதியான பாஸ்கர்வில் எழுத்து, ஒரு படம், அவ்வளவே. எந்த இடத்தில் எழுத்து ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழிலும் ஓவியர் ஆதிமூலம் சிற்றிதழ் அட்டைகளில் தூரிகையால் தமிழெழுத்துக்குத் துணிச்சலான புது உடல் கொடுத்தார். அதே காலத்தில், 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் படிப்பவரின் கண்ணை உறுத்தாத பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டியது. இரண்டும் ஒரே அக்கறையிலிருந்து வந்தவை.

கருவிகளுக்குக் குறைவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே தமிழைக் கணினியில் ஏற்றினார், அவருடைய ‘இணைமதி’ ஆப்பிள் கணினியோடே வருகிறது. முக்த மலர், கட்டமரன், பலூ தம்பி, நோட்டோ வரிசை என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் டிடிபி மையத்தில் உட்கார்ந்தவருக்கு இந்த வசதி கனவிலும் இல்லை. இருந்தும் திருமண அழைப்பிதழ் முதல் அரசு விளம்பரம் வரை தமிழ், ஆங்கிலத்துக்காகப் போட்ட கட்டத்தில் கடைசியாகத் திணிக்கப்படுகிறது. ஆங்கில வரியில் மட்டும் பழகிய கை வேறு எப்படிச் செய்யும்?

காட்சித் தொடர்பியலும் வடிவமைப்பும் நடத்தும் கல்லூரிகள் முதல் பருவத்திலேயே ஒரு தமிழ் வரியை, ஒரு தாலாட்டை, ஒரு சந்தைக் கூவலைப் பயிற்சியாகக் கொடுக்க வேண்டும். மாணவர் அதைக் காதால் கேட்டு, கையால் வரைந்து, பிறகே கணினிக்குப் போகட்டும். மதிப்பிடும் குழுவில் தமிழாசிரியர் ஒருவர் கட்டாயம் உட்காரட்டும். பதிப்பகங்கள் ஆண்டுக்கு ஒரு சிறு நூலையாவது இப்படிப் பழகிய இளைஞரிடம் ஒப்படைக்கட்டும். நாளிதழ்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கலாம். இதற்குப் புதிய பாடத்திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. வகுப்பில் ஒரு தமிழ் வரியும் அதைக் கேட்க ஓர் ஆசிரியரும் இருந்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.