அணி முதுசொமாகலாம், சபையும் முதுசொமாகலாமா?

ஐ.பி.எல். வீரர் ஏலத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு ஒரு விடயம் புலப்படாமற் போகாது. விலை கூறும் மேசைகளில் அமர்ந்திருப்பவர்களில் கணிசமானோர் அந்த அணிகளைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் அல்லர், வாங்கியவர்களின் பிள்ளைகள். ஹைதராபாத் அணிக்காக சண் குழுமத்தின் கலாநிதி மாறனுடைய புதல்வி காவ்யா மாறன் கை உயர்த்துகிறார். மும்பை மேசையில் ஆகாஷ் அம்பானி, டெல்லி மேசையில் பார்த் ஜிண்டால். 2022 ஆம் ஆண்டு ஏலத்தில் கொல்கத்தா மேசையில் ஷாருக்கானின் மகனும் மகளும் அமர்ந்திருந்தனர். 2008 ஜனவரியில் இந்த அணிகள் முதன்முதலாக ஏலத்தில் விடப்பட்ட வேளையில் இவர்கள் பாடசாலைப் பருவத்தினர்.

இதிலே சட்டவிரோதமானது எதுவும் இல்லை. தகப்பன் தேடிய தேட்டம் பிள்ளைக்கு முதுசொமாவது நம்மவர்க்குத் தேசவழமை கற்பித்த பாடம். ஆலையும் கப்பலும் பத்திரிகை நிறுவனமும் இவ்வாறே கைமாறுகின்றன. பிள்ளை என்பதற்காகவே ஒருவர் திறமையற்றவர் என்று முடிவு கட்டுவதும் நியாயமாகாது. எனினும் விளையாட்டு அணி என்பது ஆலையைப் போன்ற சொத்துத்தானா என்ற கேள்வியை நாம் எழுப்ப வேண்டியுள்ளது.

ஆலை முதலாளியின் மகன் தொழிலறியாதவரானால் வாடிக்கையாளர் வேறு கடையை நாடுவர். சந்தையே அவரைத் தண்டித்துவிடும். அணியின் ஆதரவாளர் அவ்வாறு செய்வதில்லை. மஞ்சட் சட்டையை அணிந்து பழகிய இளைஞன், அணி தோற்றுவிட்டது என்பதற்காக மறுநாள் நீலச் சட்டை வாங்குவதில்லை. அந்தப் பற்றுத்தான் அணியின் பெறுமதி. அதனை உருவாக்கியவர்கள் வீரர்களும் ஊராரும். அதற்கு உறுதி எழுதி வைத்திருப்பதோ ஒரு குடும்பம். இங்கிலாந்து உதைபந்தாட்டத்திலாவது மோசமாக நடத்தப்படும் அணி கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுகிறது. ஐ.பி.எல். சுற்றுப்போட்டியிலே அத்தகைய அச்சமும் இல்லை. இறுதி இடத்தைப் பெறும் அணிக்கும் ஒளிபரப்பு உரிமைப் பணத்திலிருந்து பங்கு வந்து சேரும். வாரிசுரிமைக்கு இதைவிடப் பாதுகாப்பான தொழில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

ஆயினும், குடும்பம் அணியை வைத்திருப்பதால் மட்டும் பெருங்கேடு விளைவதில்லை. அணியை வைத்திருக்கும் குடும்பமே அணிகளுக்கு விதி வகுக்கும் சபையையும் வைத்திருக்கும்போதுதான் அது விளைகிறது. இதற்குச் சென்னை அணியின் வரலாற்றைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

2008 இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 91 மில்லியன் அமெரிக்க டொலருக்குச் சென்னை அணியை வாங்கியது. அந்நிறுவனத்தின் முகாமைத்துவப் பணிப்பாளரான என். ஸ்ரீனிவாசன், அதன் தாபகர்களுள் ஒருவரான டி.எஸ். நாராயணசுவாமியின் மகன். அணி வாங்கப்பட்ட வேளையில் அவர் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் பொருளாளராகவும் இருந்தார். சபை நடத்தும் போட்டிகளில் சபை நிருவாகி எவரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வர்த்தக நலன் கொண்டிருத்தலாகாது என்று அச்சபையின் 6.2.4 ஆம் விதி கூறிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் அந்த விதி திருத்தப்பட்டது. ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்குத் தடை பொருந்தாது என்பதே திருத்தம். மனிதர் விதிக்கு அமையவில்லை. ஆதலால் விதி மனிதருக்கு அமைக்கப்பட்டது. அவர் அவ்வாண்டே செயலாளரானார். 2011 இல் தலைவரானார்.

இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் சபையின் முன்னாள் தலைவர் ஏ.சி. முத்தையா. இவர் யாரெனில், சென்னை சேப்பாக்கம் மைதானத்துக்கு எவருடைய பெயர் சூட்டப்பட்டிருக்கிறதோ அந்த எம்.ஏ. சிதம்பரத்தின் மகன். தந்தையும் சபைத் தலைவராயிருந்தார்; மகனும் இருந்தார். ஒரு வாரிசின் பிடியை உடைக்க இன்னொரு வாரிசுதான் வழக்குத் தொடர வேண்டியிருந்தது என்பது தென்னிந்தியக் கிரிக்கெட்டின் நிலைமையை விளக்கப் போதுமானது. 2011 இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கியமையால் விடயம் அந்தரத்தில் நின்றது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். 2013 மே மாதத்தில் ராஜஸ்தான் அணியின் மூன்று வீரர்கள் டெல்லிப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டனர். சில நாட்களில் ஸ்ரீனிவாசனின் மருமகனும் ஏவி.எம். குடும்பத்தைச் சேர்ந்தவருமான குருநாத் மெய்யப்பன் சூதாட்டக் குற்றச்சாட்டின் பேரில் மும்பைப் பொலிஸாரிடம் சிக்கினார். அணியின் முதல்வர் என அறியப்பட்டு, வீரர்கள் அமரும் இடத்திலும் ஏல மேசையிலும் காட்சியளித்த ஒருவர், கைதான வேளையிலே திடீரென உரிமையாளரும் அல்லர், நிறைவேற்று அதிகாரியும் அல்லர், கௌரவ உறுப்பினர் மாத்திரமே என்று நிறுவனம் அறிவித்தது. அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்று மாமனார் தரப்புக் கூறிற்று.

நாம் இங்கு சற்று நின்று நோக்க வேண்டும். மருமகன் என்ற உறவே அவருக்கு அதிகாரத்தைக் கொடுத்தது. அந்த அதிகாரத்துக்கு நியமனக் கடிதமோ சம்பளமோ தேவைப்படவில்லை. பொறுப்புக் கூற வேண்டிய வேளை வந்தபோதோ, கடிதம் இல்லை என்பதே கேடயமாயிற்று. சம்பளம் பெறும் முகாமையாளர் ஒருவர் இவ்வாறு தப்ப முடியாது. உறவினருக்குப் பதவி கொடுப்பது பற்றித்தான் பலரும் குறை கூறுவர். பதவியே கொடுக்காமல் உறவினரிடம் அதிகாரத்தை மாத்திரம் விட்டுவைப்பது அதனினும் ஆபத்தானது என்பதைச் சென்னை விவகாரம் காட்டிற்று.

மாமனார் தலைவராயிருந்த சபையே விசாரணைக்கு இரு ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமித்தது. குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று அவர்கள் ஜூலை மாத இறுதியில் அறிக்கையிட்டனர். இரண்டு நாட்களில் அக்குழுவின் நியமனமே சட்டத்துக்கு முரணானது என்று மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் நியமித்த முட்கல் குழு, மருமகன் அணியின் அதிகாரியே என்றும் சூதாட்டத்தில் ஈடுபட்டார் என்றும் கண்டது. ஆட்ட நிர்ணயத்தில் அவர் ஈடுபட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை.

2015 ஜனவரி 22 ஆம் திகதி நீதியரசர் டி.எஸ். தாக்கூரும், தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் இப்ராஹிம் கலிபுல்லாவும் வழங்கிய தீர்ப்பு 6.2.4 ஆம் விதியின் திருத்தத்தை இரத்துச் செய்தது. வர்த்தக நலனைக் கைவிடாத வரை ஸ்ரீனிவாசன் சபைத் தேர்தலில் போட்டியிட முடியாதென்றும் கூறியது. மருமகனின் தவறை மாமனார் மூடிமறைக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்பதையும் அதே தீர்ப்புப் பதிவு செய்தது. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் நீதிமன்றத்தின் கவலை தனிமனிதரின் நேர்மை பற்றியது மட்டுமன்று. விளையாட்டு வீரராகவும் நடுவராகவும் ஒருவரே நிற்க முடியுமா என்பதே அங்கு ஆராயப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில் லோதா குழு, சென்னை, ராஜஸ்தான் ஆகிய இரு அணிகளின் உரிமை நிறுவனங்களையும் இரண்டு ஆண்டுகளுக்கு இடைநிறுத்தியது. குருநாத் மெய்யப்பனுக்கும் ராஜஸ்தான் அணியின் பங்காளர் ராஜ் குந்த்ராவுக்கும் ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. 2016, 2017 ஆம் ஆண்டுகளில் தோனி பூனே அணிக்கும், ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத் அணிக்கும் சென்றனர். சேப்பாக்கம் மைதானத்தில் மஞ்சட் சட்டைகளைக் காணவில்லை. ஏலமும் விதித் திருத்தமும் எந்த அறையில் நடந்தன என்பதே அறியாத இரசிகர்கள் அந்தத் தண்டனையின் பெரும்பங்கை அனுபவித்தனர். 2018 இல் அணி மீண்டு வந்த முதல் ஆண்டிலேயே கிண்ணத்தை வென்றது. காவிரிப் போராட்டம் காரணமாகப் போட்டிகள் பூனேக்கு மாற்றப்பட்டபோது இரசிகர்கள் விசேட ரயிலேறிப் பின்தொடர்ந்தனர். நாம் மேலே கூறிய பற்று எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முத்தையா முரளிதரன் 2008 முதல் 2010 வரையும், பின்னர் மகேஷ் தீக்சனவும் மத்தீச பத்திரனவும் சென்னை அணிக்காகப் பந்து வீசியிருப்பதால், இந்த அணியின் வரவு செலவு இலங்கை வாசகருக்கு முற்றிலும் அந்நிய விவகாரமன்று.

கதை 2015 உடன் முடிந்துவிட்டது என எண்ணியவர்களுக்கு 2019 செப்டெம்பரில் பதில் கிடைத்தது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவராக ஸ்ரீனிவாசனின் மகள் ரூபா குருநாத் போட்டியின்றித் தெரிவானார். இந்தியாவில் மாநிலச் சங்கமொன்றுக்குத் தலைமை வகித்த முதற் பெண்மணி என்ற வகையில் அது வரவேற்கத்தக்கதே. எனினும் நூற்றுக்கணக்கான கழகங்களும் முன்னாள் வீரர்களும் உள்ள மாநிலத்தில் முதற் பெண்மணியாகும் தகுதி அந்த ஒரு வீட்டில் மட்டுமா இருந்தது? 2021 ஜூனில் சபையின் ஒழுக்கநெறி அதிகாரி நீதியரசர் டி.கே. ஜெயின், அவர் மீதான நல முரண்பாட்டுக் குற்றச்சாட்டு நிரூபணமானதெனத் தீர்ப்பளித்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் பதவி விலகினார். உச்ச நீதிமன்றம் பூட்டியது மத்திய சபையின் வாசல். மாநிலச் சங்கத்தின் படலை திறந்தே கிடந்தது.

சபை நிருவாகத்திலும் இதே போக்கைக் காணலாம். கொல்கத்தாவில் ஜக்மோகன் டால்மியா 2015 இல் காலமானதும் அவரது மகன் அவிஷேக் சங்க நிருவாகத்துக்கு வந்து பின்னர் அதன் தலைவரானார். டெல்லியில் அருண் ஜேட்லியின் மகன் 2020 முதல் சங்கத் தலைவரானார். இந்திய உள்துறை அமைச்சரின் மகன் ஜெய் ஷா 2024 டிசம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவையின் தவிசாளரானார்.

அணிகள் குடும்பச் சொத்தாகக் கைமாறுவதில் நூறாண்டு அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. அங்கு சிக்காகோ பெயார்ஸ் அணியைக் கட்டியெழுப்பிய ஜோர்ஜ் ஹலாஸ் 1983 இல் காலமானதும் மகள் வர்ஜீனியா மக்காஸ்கி அதனை ஏற்று, 2025 இல் தமது 102 ஆவது வயதில் மரணிக்கும் வரை வைத்திருந்தார். எல்லாக் குடும்பங்களும் அவ்வளவு ஒற்றுமையாக இருக்கவில்லை. வயலையும் வளவையும் தேசவழமைப்படியோ முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படியோ பங்கிட்டுவிடலாம். அணியொன்றை எவ்வாறு பங்கிடுவது? லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்தாட்ட அணியை 1979 இல் வாங்கிய ஜெரி பஸ் 2013 இல் காலமானபோது ஆறு பிள்ளைகள் இருந்தனர். வர்த்தகம் மகள் ஜீனியிடமும் ஆட்டப் பிரிவு மகன் ஜிம்மிடமும் இருந்தன. அணி வீழ்ச்சியுற்றது. 2017 இல் சகோதரி சகோதரனைப் பதவி நீக்கினார்; விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 2020 இல் கிண்ணம் கிடைத்தும், 2025 இல் சுமார் 10 பில்லியன் டொலர் பெறுமதியில் பெரும்பான்மை உரிமையை விற்கக் குடும்பம் உடன்பட்டது.

டென்வர் புரொன்கோஸ் அணியின் பட் போவ்லன் சற்று வேறு விதமாகச் சிந்தித்தார். மறதி நோயினால் 2014 இல் ஒதுங்கிய அவருக்கு ஏழு பிள்ளைகள். மூத்தவர் என்பதற்காக எவருக்கும் அணி செல்லக்கூடாது, தகுதி பெற்றவரை மூன்று நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் தெரிவு செய்யட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். நல்ல எண்ணந்தான். ஆனால் பிள்ளைகள் வழக்காடினர். இறுதியில் ஒருவருக்குமின்றி 2022 இல் அணி 4.65 பில்லியன் டொலருக்கு வெளியாரிடம் போயிற்று. குடும்பத்துக்கு அது தோல்வியாக இருக்கலாம். அணிக்குத் தோல்வி என்று நாம் கூறத் தயங்குகிறோம்.

ஜேர்மன் உதைபந்தாட்டமோ இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் அறியாது. கழக அங்கத்தவர்களிடமே வாக்குகளின் பெரும்பான்மை இருத்தல் வேண்டும் என்பது 1998 முதல் அங்குள்ள விதி.

நமது நாட்டு லங்கா பிரீமியர் லீக்கிலே வாரிசுப் பிரச்சினை எழ வாய்ப்பில்லை. உரிமையாளர்கள் அவ்வளவு காலம் நிலைப்பதில்லை. 2020 இல் யாழ்ப்பாணம் ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் கிண்ணம் வென்ற அணி, அடுத்த ஆண்டே கைமாறி கிங்ஸ் ஆயிற்று. தம்புள்ளை அணியின் உரிமையாளர் 2024 மே மாதத்தில் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானதும் ஒப்பந்தம் இரத்தாயிற்று. இங்கு யார் வாங்குகிறார்கள் என்ற சோதனையே முதலில் தேவைப்படுகிறது. யாருக்கு எழுதி வைக்கிறார்கள் என்ற கேள்வி அதற்குப் பின்னர்தான்.

சென்னையிலோ அந்தக் கேள்வி இன்னும் உயிருடன் உள்ளது. 2015 இல் அணி தனிக் கம்பனியொன்றுக்கு மாற்றப்பட்டது. அப்போது அதற்கு 5 இலட்சம் ரூபா என்று பெறுமதி காட்டப்பட்டமை பெரும் சர்ச்சையாயிற்று. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பங்குகளை அல்ட்ராடெக் நிறுவனம் கொள்வனவு செய்தது. தந்தையின் முதுசொமான சீமெந்து ஆலை இவ்வாறு அந்நியர் கைக்குப் போனது. தாமே தேடிய அணி போகவில்லை.