நோயாளியா, குற்றவாளியா?

ஒரு நாட்டில் கொள்ளைநோய் புதிதாகத் தலைகாட்டும்போது ஆள்வோர் முன்னே இரண்டு கேள்விகள் எழுகின்றன. நோய் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. நோயைக் கொண்டுவந்தவர் யார் என்பது மற்றொன்று. முதற்கேள்வியைக் கேட்கும் நாடு பரிசோதனைக்கும் மருத்துவமனைக்கும் வழி தேடுகிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்கும் நாடோ காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வழி தேடுகிறது. அதற்குள் நோய் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

2020-ஆம் ஆண்டில் நம் நாடு இரண்டாவது கேள்வியை உரக்கக் கேட்டது. அதற்கு விடை சொல்லி முடிக்க நீதிமன்றங்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆயின. வெளிநாட்டிலிருந்து வந்த தப்லீக் ஜமாஅத்தினருக்குத் தங்க இடம் கொடுத்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டிருந்த 70 இந்தியர்கள் மீதான வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் ரத்துச் செய்த நாள் 2025 ஜூலை 17. பழி முதற்பக்கத்தில் வந்தது. விடுதலை எந்தப் பக்கத்தில் வந்தது என்பதை வாசகர்களே நினைத்துப் பார்க்கட்டும்.

பழைய புண்ணைக் கிளறுவது நம் நோக்கமன்று. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. ஆயினும் 2025 மே, ஜூன் மாதங்களில் அந்நோய் இந்தியாவில் மீண்டும் சற்றுத் தலைதூக்கியதைக் கண்டோம். நாளை வேறொரு பெயரில் வேறொரு நோய் வரலாம். அன்றும் இதே தவறான கேள்வி கேட்கப்படுமா என்பதே நம் கவலை.

இடத்தைச் சொன்ன மார்க்கம்

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டளவில், கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாடு நோக்கிப் பயணப்பட்டு ‘ஸர்க்’ என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. கலீபா ஆலோசனை கலந்தார்கள். முடிவில் படையுடன் திரும்பிவிடத் தீர்மானித்தார்கள். இறைவனின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா மறுமொழி பகர்ந்தார்கள். அப்போது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் கண்ட ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அவ்வூரிலிருந்து வெருண்டு வெளியேறவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருந்ததை எடுத்துரைத்தார்கள்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அனைவரும் அறிந்த வரலாறுதான் இது. எனினும் அதில் நம் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு நுட்பம் உண்டு. நபிமொழி பேசுவது ஊரைப் பற்றி. அங்கே எந்தக் கோத்திரத்தின் பெயரும் இல்லை. எந்த மதத்தாரின் பெயரும் இல்லை. தடுப்புக்குரியது இடம், பழிக்குரியவர் என்று எவரும் சுட்டப்படவில்லை. அந்த அம்வாஸ் கொள்ளைநோயில் அபூ உபைதா (ரலி) அவர்களும் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் உயிர் நீத்தார்கள். மேன்மக்களையே கொண்டுசென்ற நோயைத் தீயோரின் அடையாளம் என்று எந்த முஸ்லிம் சொல்லத் துணிவான்?

ஏப்ரல் மாதக் கணக்கு

இனி 2020-க்கு வருவோம். நிஜாமுத்தீன் மர்கஸில் மார்ச் மாத நடுவில் ஒன்றுகூடல் நடந்தது. மார்ச் 11 அன்றே உலக சுகாதார நிறுவனம் இதை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்துவிட்டது. ஆனால் மார்ச் 13 அன்று நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் அதிகாரி, இது சுகாதார அவசரநிலை அல்ல என்றே கூறினார். அயல்நாட்டு விமானங்கள் மார்ச் 22 வரை வந்துகொண்டிருந்தன. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. நான்கு மணி நேர அவகாசத்தில் யார் எந்த ஊருக்குப் போயிருக்க முடியும்?

ஒன்றுகூடியது விவேகமா என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும், கேட்பது நியாயமே. உலகமெங்கும் எச்சரிக்கை எழுந்துவிட்ட நாளில் அத்தனை பேர் ஓரிடத்தில் தங்கியது விவேகமன்று என்பதே நம் கருத்து. ஆயின் அவிவேகம் வேறு, சதி வேறு. அவிவேகத்துக்கு மருந்து எச்சரிக்கை. சதி என்று சொல்லிவிட்டாலோ மருந்துக்கே இடமில்லை.

அந்த ஏப்ரலில் தமிழகத்தின் அன்றாட அறிக்கையில் நோயுற்றோர் தொகையோடு ‘தில்லி மாநாட்டுக்குச் சென்றவர்கள்’ என்றொரு தொகையும் தனியே வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டவர்கள் நோயை மறந்தார்கள். மாநாட்டை மட்டும் நினைவில் வைத்தார்கள். எங்கள் பாகலூர்ப் பகுதியிலும் பெயர் கேட்டுக் காய்கறி வாங்கியவர்கள் இருந்தார்கள். பின்னர் அரசு அச்சொல்லை விடுத்து, ஒரே இடத்திலிருந்து பரவியது என்ற பொதுச்சொல்லுக்கு மாறியது. திருத்திக்கொண்டதைப் பாராட்டுகிறோம், ஆனால் அதற்குள் அச்சொல் வீடுதோறும் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த மாதமே சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் கிளம்பி விழுப்புரம், கடலூர், அரியலூர் எனப் பரவியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து சென்றவர்களை மாவட்டந்தோறும் தேடிப் பரிசோதித்தார்கள். அதற்கு ‘கோயம்பேடு தொற்று’ என்று இடத்தின் பெயரே வழங்கியது. வணிகரின் சாதி என்ன, சுமை தூக்கியவரின் மதம் என்ன என்று எவரும் கேட்கவில்லை. கேட்காமலே நோயைத் தேட முடிந்ததன்றோ? அப்படியானால் ஏப்ரலில் மட்டும் மதத்தின் பெயர் எதற்குத் தேவைப்பட்டது?

பெயரைச் சொன்னால்தானே தொடர்புடையவர்களைக் கண்டுபிடிக்க முடியும் என்பது எதிர்வாதம். இடத்தையும் நாளையும் சொன்னால் போதும் என்பது நம் விடை. இதற்குத் தென்கொரியாவே சான்று. 2020 மே மாதத் தொடக்கத்தில் சியோல் நகரின் இத்தேவோன் பகுதியிலுள்ள இரவு விடுதிகளில் நோய் புதிதாகக் கிளம்பியது. அங்கே சென்றவர்களில் பலர் சமூகத்தின் ஏளனத்துக்கு அஞ்சி மறைந்து வாழ்பவர்கள். செய்தித்தாள்கள் அதை இழிவாக எழுதின. அஞ்சியவர்கள் பரிசோதனைக்கு வரவில்லை. நகர நிர்வாகம் உடனே ஒரு வழி கண்டது. பெயர் சொல்ல வேண்டாம், தொலைபேசி எண் மட்டும் போதும் என்று அறிவித்தது. பரிசோதனைக்கு வந்தோர் தொகை விரைவில் பெருகியது. அவர்களுடைய வாழ்க்கை முறை நமக்கு உடன்பாடா இல்லையா என்பதன்று இங்கே பேச்சு. நோயாளியின் நம்பிக்கையே நோயைப் பிடிக்கும் வலை. அவ்வலையை அறுத்துவிட்டு ஆற்றில் இறங்குவது அறிவாகுமா?

இதை நம் நாடு அறியாததன்று. 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. மறு ஆண்டில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. புனே நகரில் சிப்பாய்கள் வீடு புகுந்து தேடினார்கள். மக்கள் நோயாளிகளை மறைத்தார்கள், நோய் நிற்கவில்லை, 1898-இல் பெங்களூரையும் வந்தடைந்தது. அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தையே 2020-இல் மீண்டும் கையில் எடுத்தோம். அதன் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. பேரிடர்க் காலத்தில் அரசியல் அரசு பலிகடா தேடுவது வழக்கம் என்ற கருத்தையும் வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி நீதிமன்றமொன்று 36 வெளிநாட்டவரை விடுதலை செய்தது. சதி என்று முழங்கியவர்களில் எத்தனை பேர் இத்தீர்ப்புகளைப் படித்தார்கள்?

பழி ஓரிடத்தில் நிற்பதில்லை

பழி சுமத்தும் பழக்கம் முஸ்லிமோடு நின்றுவிடும் என எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். 2020 ஏப்ரல் 19 அன்று, நோயாளிகளைக் கவனித்து அந்நோயாலேயே இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. அவர் கிறித்தவர். முதலில் அயலானைத் துரத்திய கை, முடிவில் மருத்துவரின் சவப்பெட்டி மீதே கல்லெறிந்தது.

கடலுக்கு அப்பால் இலங்கையில் நடந்தது இன்னும் கொடியது. 2020 ஏப்ரல் முதல் 2021 பிப்ரவரி இறுதி வரை, கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரித்தே தீர வேண்டுமென அரசு ஆணையிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் காட்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் தீக்கிரையாயின. பிறந்து இருபதே நாளான பச்சிளங் குழந்தையும் அவற்றுள் ஒன்று. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அந்தத் தாயின் வயிற்றெரிச்சலுக்கு அது விடையாகுமா?

மாற்று வழியே இல்லாமலா போயிற்று? 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, உடலைத் தொட்டாலே தொற்றும் என்ற நிலை இருந்தது. அப்போதும் உலக சுகாதார நிறுவனம் முஸ்லிம், கிறித்தவப் பெரியவர்களைக் கலந்து, பாதுகாப்பும் கண்ணியமும் கூடிய அடக்க முறையை வகுத்தது. நீரால் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும் செய்யும் வழியும் அதில் இடம்பெற்றது. எபோலாவுக்கே இயன்றது கொரோனாவுக்கு இயலாமற் போனது ஏன்? கலந்து பேச மனமில்லாமையே காரணம்.

எங்கள் எல்லை

பாகலூர் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் ஒலிக்கும். எங்கள் ரோஜாவும் காய்கறியும் பெங்களூருக்குப் போகும். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூர்ப் பணியிடங்களுக்கும் ஆட்கள் நாள்தோறும் எல்லையைக் கடந்து போய்வருவார்கள். 

2020 ஏப்ரல் 30 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட பட்டியலில் தமிழகத்தின் 12 மாவட்டங்கள் சிவப்பு, 24 ஆரஞ்சு. பச்சை ஒன்றே ஒன்று. அது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம். பெருமிதப்பட்டோர் பலர். அந்த மே மாதத்திலேயே நோய் இங்கும் வந்து சேர்ந்தது. நிறத்தைப் பார்த்து நோய் நின்றுவிடுமா? மே 18 அன்று தமிழகம், கேரளம், மராட்டியம், குஜராத் ஆகிய மாநிலத்தார் மாத இறுதி வரை வரலாகாது எனக் கர்நாடகம் அறிவித்தது. அத்திப்பள்ளிக்கு அப்பால் வேலை, இப்பால் வீடு என்று வாழ்ந்தவன் ஒரே நாளில் அயலானாகிவிட்டான். பசுமைக்குடில்களில் மலர்ந்த ரோஜாக்கள் வாங்குவாரின்றிக் குப்பைக்குப் போயின.

நோய் கண்ட ஊரின் வாயிலை அடைப்பது நபிவழிக்கு ஒத்ததே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கே அடைபட்டது நோய் கண்ட ஊரன்று; மாநிலத்தின் பெயர். சென்னையில் நோய் மிகுந்ததற்காகப் பாகலூர்க்காரனைத் தடுப்பது, தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவதாகும். ‘எங்கே’ என்ற கேள்வியை விடுத்து ‘யார்’ என்று கேட்டதன் பயன் இங்கும் அதுவே.

நம் வீட்டுக் கணக்கு

பிறரைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்க வேண்டும். 2021 ஏப்ரலில் ஹரித்வாரில் கும்பமேளா நடந்தது. தமிழகம் உட்படப் பல மாநிலங்களில் தேர்தல் கூட்டங்கள் திரண்டன. அம்மாத இறுதியில் நாட்டில் ஒரு நாளில் நோய் கண்டோர் 4 லட்சத்தைத் தாண்டினர். அப்போது நம்மில் சிலர், இப்போது யாரைச் சொல்வீர்கள் என்று எள்ளி நகைத்தார்கள். அது நமக்கு அழகன்று. நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை மற்றவருக்குத் திருப்பிக் கொடுப்பது நீதியாகாது, அநீதியைக் கூட்டுவதாகும்.

பரிசோதனைக்கு அஞ்சி ஒளிந்தவர்களும், தடையை மீறித் தொழுகைக்குத் திரள்வதே ஈமான் என்று பேசியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர்கள் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்களின் ‘பத்லுல் மாஊன்’ என்னும் நூலைப் பார்க்கட்டும். மூன்று பெண்மக்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த அந்த ஹதீஸ் பேரறிஞர், ஹிஜ்ரி 833-இல் கெய்ரோ மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து பாலைவெளியில் கூட்டமாகத் திரண்டு துஆச் செய்ததை அதில் பதிவு செய்கிறார். அதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாயிருந்த சாவு, அதற்குப் பின் அம்மாதத்திலேயே ஆயிரத்தைத் தாண்டியது. பிரார்த்தனையை அவர் மறுக்கவில்லை. அதற்காகக் கூட்டம் கூட்டியதையே மறுத்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெற்ற பிள்ளைகளே அருகில் வர அஞ்சிய உடல்களைத் தமுமுக முதலிய அமைப்புகளின் தொண்டர்கள் சுமந்தார்கள். இந்துவை அவர் முறைப்படி, கிறித்தவரை அவர் முறைப்படி, முஸ்லிமை ஜனாஸாத் தொழுகையுடன் என எவர்க்கும் உரிய மரியாதையைச் செய்தார்கள். மதத்தின் பெயரால் பழி வந்தபோது, மதம் பாராத பணியால் விடை கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆதலின் நாம் வேண்டுவன சில. அடுத்த முறை நோய் கிளம்பினால் அரசின் அறிக்கை இடத்தையும் நாளையும் சொல்லட்டும். இனத்தையும் மதத்தையும் சொல்லாதிருக்கட்டும். பரிசோதனைக்கு வருபவனுக்கு வழக்கு இல்லை என்ற உறுதி முதல் நாளே தரப்படட்டும். எல்லை கடந்து பிழைப்போருக்கான ஏற்பாட்டை இரு மாநிலங்களும் நோய் வருமுன்னரே பேசி முடிக்கட்டும். இறந்தோரை அடக்கம் செய்யும் முறையை அந்தந்தச் சமயப் பெரியவர்களைக் கலந்தே வகுக்கட்டும். நம் ஜமாஅத்துகளோ, முதல் அறிவிப்பு வந்த அன்றே ஒலிபெருக்கியில் பரிசோதனைக்கு அழைக்கட்டும். பள்ளிவாசல் மதரஸாக் கூடங்களை மருத்துவ முகாமுக்குத் திறந்துவிடட்டும்.

நோயாளி நம்மை நம்பி வாசலுக்கு வந்து நிற்கும்போது, அவன் யார் மகன், எந்த ஊரான், எந்த மதத்தான் என்று கேளாமல் கட்டில் கொடுக்கும் நாடே கொள்ளைநோயை வெல்லும். அத்தகைய நாடாக நம் நாட்டை ஆக்குவதற்கு, வல்ல இறைவன் ஆள்வோருக்கும் நமக்கும் தௌஃபீக் அருள்வானாக. ஆமீன்.