வாசிக்க இயலாதது வெற்றேடு அன்று

சென்ற மாதம் நம் துறையின் வன்தட்டு ஒன்று திறக்க மறுத்துவிட்டது. மூன்றரை அங்குலத் தட்டு, 3 டெராபைட் கொள்ளளவு. தனி அடாப்டருடன் கூடிய வெளிப்பெட்டியில் இருந்தது. பதினோராண்டுகளாக மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்த ஒப்பாரிகளும் நடவுப் பாடல்களும் அதனுள்தான். பாடிய பாட்டிமாருள் சிலர் இன்று இல்லை. மறுபடி எடுத்து வைக்காதது நம் குற்றமே, மறைப்பதற்கில்லை.

பெட்டியின் யூ.எஸ்.பி. துளை தளர்ந்திருந்தது. ஆகவே தட்டைக் கழற்றிப் புதுப் பெட்டியொன்றில் பொருத்தினோம். பயன்படுத்துமுன் தட்டை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கணினி கேட்டது. அருகிலிருந்த நண்பர் கணினியில் வல்லவர். "தட்டு போய்விட்டது ஐயா, ஃபார்மட் செய்துவிடுங்கள்" என்றார். நாம் அதற்கு இசையாதது அறிவினால் அன்று, அச்சத்தினால்.

உண்மை பின்னரே விளங்கியது. 1983-இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த எம்.பி.ஆர். என்னும் பகுப்பு அட்டவணை ஏறத்தாழ 429 கோடி செக்டர்களையே எண்ண வல்லது. செக்டருக்கு 512 பைட் எனக் கொண்டால் 2.2 டெராபைட்டோடு எல்லை முடிந்துவிடும். அதைத் தாண்டிய ஜி.பி.டி. முறையை 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி அறியாது. ஆகவே பெட்டி செய்தோர் சிலர் ஓர் உபாயம் கண்டனர். பெட்டிக்குள் இருக்கும் சிறு சில்லு, எட்டு செக்டர்களைச் சேர்த்து 4096 பைட் கொண்ட ஒன்றாகக் கணினிக்குக் காட்டும். எண்ணிக்கை எட்டில் ஒன்றாகும். பழைய அட்டவணையே போதும். வேறு பெட்டிக்கு மாற்றினாலோ கணக்கு மாறிவிடும். நூறாவது செக்டரில் தொடங்குக என்று அட்டவணை கூறினால், கணினி எட்டு மடங்கு முன்னரே தேடி, ஒன்றுமில்லை எனக் கைவிரிக்கும். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சுவடி படித்தவர்க்கு இது புதிதன்று. ஓலையில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகர ஏகாரங்கள் வேறுபடா; ரகரமும் காலும் ஒன்றுபோல் நிற்கும். எழுதியவன் மரபை அறியாதவனுக்கு ஓலை பிதற்றலாகத் தோன்றும். அதற்காக ஓலையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று எவரேனும் கேட்பரோ? கணினி அதைத்தான் கேட்கிறது. 'எனக்கு வாசிக்கத் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அழிக்கலாமா' என்கிறது. அறியாமையை ஒப்புக்கொள்ளாத இவ்வினாவே பல தரவுகளுக்கு எமனாகிறது என்பது நம் கருத்து.

எனவே பெருந்தட்டு அடம்பிடித்தால் முதலில் தட்டை ஐயுற வேண்டாம். கேபிளை மாற்றிப் பாருங்கள். மூன்றரை அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட் வேண்டும். அடாப்டர் நலிந்தாலும் தட்டு டிக் டிக்கென ஒலித்து நின்றுவிடும். வோல்ட் பொருந்தாத வேறு அடாப்டரைச் செருகவே கூடாது. 3 டெராபைட் தட்டு 746 ஜிகாபைட் என்று காட்டினால், பெட்டியின் சில்லு 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ண அறியாதது என்று பொருள். அப்பெட்டியில் எதையும் எழுதாதீர்கள். எழுதிய பெட்டியே கிடைத்தால் அதிலேயே திறந்து பாருங்கள். இவையெல்லாம் செய்தும் தட்டு ஓலமிட்டால், மின்னிணைப்பை நிறுத்திவிட்டுத் தரவு மீட்போரிடம் கொடுப்பதே முறை.

நம் பழைய பெட்டியின் துளையைக் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் பற்றவைத்துக் கொடுத்தார். தட்டு திறந்தது. முதலில் ஒலித்தது, மறைந்துபோன ஒரு பாட்டியின் ஒப்பாரி. அறையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

இப்போது அப்பதிவுகள் மூன்று தட்டுகளில், இரண்டு ஊர்களில் இருக்கின்றன. ஒவ்வொரு தட்டின்மீதும் எந்தப் பெட்டியில் எழுதியது என்று சீட்டு ஒட்டியிருக்கிறோம். நீங்களும் இன்றே ஒட்டிவிடுங்கள்.