சிநேகிதன் தோற்பான் என்று பந்தயமா?

கால்பந்துப் பந்தயத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். பந்தயத்தில் போகிற காசு நம்முடைய அஞ்சறைப் பெட்டியிலிருந்துதான் போகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், தூத்தூர் தொட்டு எங்கள் கடற்கரை ஊர்களில் கிரிக்கெட்டைவிடக் கால்பந்துக்குத்தான் மவுசு. உலகக் கோப்பை வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு பிரேசில் கொடி, அர்ஜென்டினா கொடி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2022 இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 என்று நின்று பெனால்டியில் முடிந்ததே, அன்றைக்கு மாவு ஆட்டுவதை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு முழுசாகப் பார்த்தவள் நான்.

என் ஆட்சேபம் வேறு. என் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பிரேசில் பைத்தியம். ஒவ்வொரு தடவையும் கோப்பை பிரேசிலுக்குத்தான் என்று அடித்துச் சொல்வார். பிரேசிலோ 2002-க்குப் பிறகு கோப்பையைத் தொடவில்லை. 2006-ல் பிரான்சிடம் போச்சு, 2010-ல் நெதர்லாந்து, 2014-ல் சொந்த மண்ணிலேயே ஜெர்மனியிடம் 7-1, 2018-ல் பெல்ஜியம், 2022-ல் குரோஷியா. ஒவ்வொரு தடவையும் கூட்டாளிகள் எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, "லேய், இந்த வாட்டி யாருடே?" என்று வாயைக் கிளறி, அவர் சொன்னதற்கு எதிராகப் பணம் கட்டினார்கள். "அவன் சொல்லுக்கு எதிரா கட்டினா நஷ்டமே கிடையாது" என்று சிரிப்பு வேறு.

கேட்டால் என் வீட்டுக்காரர், "அவனும் ஆயிரம், நானும் ஆயிரம். சமம்தானே?" என்கிறார். எங்கே சமம்? நான் பத்தாங்கிளாஸ்தான். ஆனால் இந்தக் கணக்குக்கு அவ்வளவு படிப்பே வேண்டாம். 2022-ல் 32 டீம் ஆடியது. அண்ணன் ஒரு டீம் பக்கம். இவர்கள் மீதி 31 டீமின் பக்கம். எந்த டீம் ஜெயித்தாலும் இவர்களுக்குப் பணம், பிரேசில் ஒன்று ஜெயித்தால்தான் அவருக்கு. இதில் ஒன்றுக்கு ஒன்று என்றால் அது பந்தயமா, பறிப்பா? லாபத்துக்கென்றே கடை போட்டிருக்கிற வெளிநாட்டுப் பந்தயக்காரன்கூட, கோப்பை இந்த டீமுக்குத்தான் என்று கட்டி ஜெயித்தவனுக்குக் கட்டியதைப்போல் பல மடங்கு தருகிறான். 2016-ல் இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி லீக்கை ஜெயித்தபோது, சீசன் தொடக்கத்தில் அதன்மேல் கட்டிய சிலருக்கு ஒரு பவுண்டுக்கு 5000 பவுண்டு கிடைத்தது. கடைக்காரனுக்கு இருக்கிற நியாயம் கூட்டாளிக்கு வேண்டாமா?

இதில் அந்த அண்ணனுக்கு 'ராசியில்லாதவன்' என்று பட்டப்பெயர். ராசி என்ன செய்யும்? அந்த இடத்தில் யார் உட்கார்ந்து எந்த டீமைச் சொன்னாலும் முக்கால்வாசி தோற்கத்தான் வேண்டும்.

2022 டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி குரோஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் தோற்றது. ஜெயித்த காசில் எல்லாருக்கும் பரோட்டா வந்தது. அந்த அண்ணனும் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டார். அவர் இலையில் விழுந்ததும் அவர் காசுதான். அடுத்த வாரம் மதினி எங்கள் மகளிர் குழுவுக்கு வந்து, மகனின் பள்ளிக்கூட வேன் கட்டணத்துக்கு உள்கடன் கேட்டார். எதற்கு முடை என்று யாரும் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நாலு பேருக்குக் காரணம் தெரியும். நாலு பேர் வீட்டிலும் அந்தக் காசில் வாங்கிய பரோட்டா வந்திருந்தது. என்னால் மதினியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"குடிக்காம இருக்காங்களே, அதுவரை நல்லது, விடு" என்று சில சகோதரிகள் சொல்வார்கள். தெரியாத ஆளிடம் தோற்றால் காசு மட்டும்தான் போகும். இங்கே நம் வீட்டில் சாப்பிட்டு, நம் பிள்ளைக்கு மொட்டையடிக்க மடியில் வைத்துக்கொண்ட மனுஷன் தோற்க வேண்டும் என்று நாலு பேர் மனசுக்குள் வேண்டிக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. செல்போனில் பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசே தடைச்சட்டம் கொண்டு வந்துவிட்டது. திண்ணையில் நடப்பதை வீட்டிலிருக்கிற நாம்தானே கேட்கணும்?

2026-லிருந்து 48 டீம் என்று வேறு கூட்டிவிட்டார்கள். ஒன்றுக்கு எதிராக 47! அதனால் என் வீட்டுக்காரரிடம் ஒரு யோசனை சொன்னேன். பந்தயம் இல்லாமல் இருக்க முடியாதென்றால், எல்லா டீம் பெயரையும் சீட்டு எழுதிச் சொம்பில் போடுங்கள். ஆளுக்குப் பத்து ரூபாய், ஆளுக்கு இத்தனை சீட்டு என்று குலுக்கி எடுங்கள். யாரும் யாருக்கும் எதிரி இல்லை.

"பிரேசில் சீட்டு வரலைன்னா அவன் அழுவானே" என்றார்.

"வந்தாலும் அழத்தான் போறார். பத்து ரூபாய்க்கு அழட்டும்" என்றேன்.

- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்.