நெல்லாகப் போய் அரிசியாகத் திரும்புவதேன்?

வீதி வந்தால் ஆலையும் வரும் என்று எம்மிடையே பலர் சொல்வதுண்டு. மன்னார்த் தீவைப் பெருநிலப்பரப்புடன் இணைக்கும் புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. கையடக்கத் தொலைபேசி குடிசைவரை வந்துவிட்டது. ஆயினும் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் விளையும் நெல்லில் ஒரு பகுதி நெல்லாகவே வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. பின்னர் அரிசியாக எமது கடைகளுக்கு வருகிறது. இது ஏன்?

ஓர் ஆலை எங்கே அமையும் என்பதை ஏற்றுகூலி பெரிதும் தீர்மானிக்கிறது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு எமது முருங்கனிலிருந்தே களிமண் சென்றது. ஆனால் சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல்லே அதிகம் வேண்டும். சூளையில் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வாயுவாகப் போய்விடும். எனவே கல் இருந்த இடத்தில் ஆலை எழுந்தது. முருங்கனுக்கு மண் வெட்டிய குழிகளே மிஞ்சின.

நெல்லும் எடை குறையும் பொருளே. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசிதான் கிடைக்கும். நெல்லாக ஏற்றும்போது உமிக்கும் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி எமது விலையிலேயே கழிகிறது. அப்படியிருந்தும் பொலன்னறுவை போன்ற இடங்களில் பெரிய ஆலைகள் நிலைத்திருப்பதற்குக் காரணம், அங்கே இருபோக நெல்லும் களஞ்சியமும் அறுவடை வேளையில் கொள்வனவு செய்யப் பணமும் இருப்பதுதான். வீதி எமது பொருளைச் சந்தைக்குக் கொண்டு போகிறது. வெளியூர் லொறியையும் எமது களத்துக்குக் கொண்டு வருகிறது. தொலைபேசி இருப்பதால் முதலாளி தன் இடத்தில் இருந்தபடியே பத்துக் கிராமங்களுக்கு விலை சொல்கிறார். தீவின் மீனுக்கும் இதே கணக்குத்தான்: ஐஸ் இல்லாத கரையில் லொறிக்காரர் சொன்னதே விலை.

ஆகவே வீதியை மட்டும் கேட்டுப் பயனில்லை. கடனுக்கு அஞ்சி ஈரநெல்லை விற்கும் நிலை மாற, உலர்த்தும் களமும் களஞ்சியமும் சிறிய ஆலையும் கமக்காரர் சங்கங்களின் கையில் இருக்க வேண்டும். விற்குமுன் மன்னார், வவுனியா விலைகளைத் தொலைபேசியில் கேட்டறிவோம். காணி இன்னும் திரும்பக் கிடைக்காத குடும்பங்களையும் சங்கத்தில் சேர்ப்போம். வயல் இல்லாதவருக்கும் ஆலையில் வேலை உண்டு. உமியும் தவிடும் கூலியும் எமது ஊரிலேயே தங்கட்டும்.