எந்தக் கடல் நல்ல கடல்?

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆகஸ்டு மாத விடுமுறையன்று நம் சங்கத்தார் எல்லோரும் ஜூஹூ கடற்கரைக்குச் சென்று கடலாடி, உண்டு, பாடி மகிழ்ந்து வருவது என்பது அத்தீர்மானம். எதிர்த்துப் பேசியவன் நான் ஒருவன்தான். "கடலோரத்தில் பிறந்த தமிழனுக்குக் கடலைக் கண்டு அச்சமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கூட்டம் கைதட்டியது. நேரமாகிவிட்டபடியால் முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அன்று சொல்ல முடியாமற் போனதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கூட்டம் கலைந்த பிறகும் விடுதியில் வாதம் ஓயவில்லை. மெரினாவுக்கு ஈடு உண்டா என்றார் சென்னை நண்பர். முக்கடலும் கூடும் குமரிக்கு மேல் ஒரு கரை உண்டா என்றார் நாகர்கோவில் நண்பர். வங்கக் கடல் நீர் இதமானது, அரபிக் கடல் அப்படியன்று என்றார் மூன்றாமவர். எந்தக் கடல் நல்ல கடல் என்ற இந்தப் போட்டியில் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். கடலுக்கு ஊர் மட்டுமன்று, மாதமும் உண்டு. ஓர் ஊரின் கடலை மற்றோர் ஊரின் நாட்காட்டியைக் கொண்டு அளக்கக் கூடாது.

முதலில் நீரின் சூட்டையே எடுத்துக்கொள்வோம். சென்னைக் கடலின் மேல்நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 26 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குள் இருக்கிறது. மும்பையில் மே மாதத்தில் 29, 30 என ஏறும் சூடு, வடக்கிலிருந்து வறண்ட காற்று வீசும் சனவரியில் 24, 25 என்ற அளவுக்கு இறங்குகிறது. இங்கே கடல் மிகவும் குளிர்ந்திருப்பது குளிர்காலத்தில். அதே மேற்குக் கரையில் தெற்கே கொல்லத்துக்கும் கொச்சிக்கும் செல்லுங்கள். அங்கே கடல் மிகவும் குளிர்வது சூலை, ஆகஸ்டு மாதங்களில்! ஏப்ரலில் 30 டிகிரியைத் தொடும் நீர், மழைக்காலத்தில் சில நாட்களில் 26 டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது.

காரணம் காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று கரையை ஒட்டி வீசும்போது மேல்நீர் கரையை விட்டு விலகிச் செல்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அந்நீரில் மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. கேரளத்து வலைகளில் மத்தி மலிவதற்கு இந்தக் குளிர்நீரும் ஒரு காரணம். இதே அரபிக் கடலின் மறுகரையில், சோமாலியாவுக்கு அருகில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே, அம்மாதங்களில் நீர் 20 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. வெயில் கொளுத்தும் நாட்டில் கடல் சூடாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்கும்.

வங்கக் கடல் ஏன் இவ்வாறு குளிர்வதில்லை? கங்கை, பிரமபுத்திரா, மகாநதி, கோதாவரி என்று பேராறுகள் கொண்டு வந்து கொட்டும் நன்னீரும், பெய்யும் மழை நீரும் உப்பு நீரின் மேல் இலேசாக மிதக்கின்றன. அந்த மேலடுக்கைக் கலக்கி, கீழேயுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவருவது காற்றுக்கு எளிதன்று. ஆகவே வங்கக் கடல் மழைக்காலத்திலும் பெரும்பாலும் 28 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. நம் நண்பர் புகழ்ந்த அந்த இதமான சூடுதான் புயலுக்கும் உணவு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பரில் எங்கள் நாகப்பட்டினத்துத் தென்னைகளைச் சாய்த்த கஜாவும் அந்தச் சூட்டை உண்டு வளர்ந்தவையே.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கடல் சீறும் காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவக்காற்று நேரே கரையை நோக்கி அலைகளைத் தள்ளும் காலம் அது. ஆடி, ஆவணியில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கடல் சற்று அடங்கியிருக்கும். மும்பையில் இது தலைகீழ். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றும் பேரலையும் இக்கரையை நேரே வந்து மோதுகின்றன. நாம் அஞ்சும் நவம்பரிலோ இக்கடல் குளம்போல் கிடக்கிறது. அரசாங்கம் விதிக்கும் மீன்பிடித் தடைக்காலமும் இரு கரைக்கும் ஒன்றன்று. கிழக்கே ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை. மேற்கே சூன் 1 முதல் சூலை 31 வரை. மீன்கள் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடை அது என்றாலும், கரைக்குக் கரை காலம் வேறு என்பதை அதுவும் காட்டுகிறது.

"ஆடி அமாவாசைக்குக் கடலாடுவது நம் முன்னோர் வழக்கமாயிற்றே!" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்தில் ஆடியில் முழுக்குப் போடுகிறார்கள். அப்போது அங்கே அலை சிறிதே. ஏனெனில் தென்மேற்குக் காற்றுக்குத் தீவே தடையாக நிற்கிறது. அதே தீவின் தென்புறம், மன்னார் வளைகுடாப் பக்கம் சென்று பாருங்கள், கடல் குமுறிக்கொண்டிருக்கும். தனுஷ்கோடி மீனவர்கள் ஒரு புறத்தைப் பெண்கடல் என்றும், மறு புறத்தை ஆண்கடல் என்றும் அழைப்பர். கூப்பிடு தூரத்தில் இருவேறு கடல்! நம் முன்னோர் கடலுக்கு அஞ்சாமல் இறங்கியது உண்மை. ஆனால் எங்கே, எப்போது என்று அறிந்து இறங்கினார்கள். வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அறிவை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது எவ்விதத்தில் நியாயம்?

நானும் அப்படி வந்தவன்தான். நாகப்பட்டினத்தில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. அதைக் கவனித்துப் பழக்கமே இல்லை. முதலாண்டில் ஒரு நாள் பிற்பகல் பாந்திரா கரையின் பாறைகளில் வெகுதூரம் நடந்து, ஒரு பாறைமேல் அமர்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். கரையில் ஒரு கோளி மீனவர் எதையோ கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது மராத்தி தெரியாது. யாரையோ திட்டுகிறார் என்று எண்ணினேன். தலை நிமிர்ந்து பார்த்தால், நான் நடந்து வந்த வழியைக் காணோம்! எனக்கும் கரைக்கும் நடுவே கடல் இருந்தது. இடுப்பளவு நீரில், பாசி வழுக்க, அவர் கை காட்டிய வழியே தட்டுத் தடுமாறிக் கரை சேர்ந்தேன். இன்னும் அரை மணி நேரம் கழித்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. அவர் என் முதுகில் ஓர் அடி வைத்தார். என் தந்தை அடித்தது போல் இருந்தது.

மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்துக்கும் வற்றுக்கும் உள்ள உயர வேற்றுமை நான்கு மீட்டரைத் தாண்டும். ஹாஜி அலி தர்காவுக்குச் செல்லும் பாதை ஓதம் ஏறும்போது நீருக்குள் மறைந்துவிடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இவ்வூர்ப் பிள்ளைக்கு இது தாய்ப்பாலோடு வந்த அறிவு. நமக்கோ கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

நம் கரையில் வேறு பகை உண்டு. அலைகள் கொண்டுவந்து குவித்த நீர், குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பி ஓடும். அவ்விடத்தில் அலை உடையாது. நீர் அமைதியாகத் தோன்றும். அமைதி என்று நம்பி இறங்குபவனை அந்த ஓட்டம் உள்ளே இழுத்துச் செல்லும். எதிர்த்து நீந்தினால் களைப்பும் சாவும்தான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டத்திலிருந்து வெளியே வரலாம். மெரினாவில் எல்லா மாதங்களிலும் உயிர்கள் போகின்றனவே, நீர் இதமாக இல்லாததாலா? நீரின் சூடு உடம்புக்கு இதம் தருமேயன்றி, உயிருக்குக் காவல் ஆகாது. மும்பைக் கடல் ஆகஸ்டில் 27, 28 டிகிரி. இறங்க இன்பமாயிருக்கும், ஆனால் இறங்கக் கூடாது. சனவரியில் உடல் நடுங்கும், ஆனால் கடல் அடங்கியிருக்கும்.

உள்ளூர்க் காற்றை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் போதாது. தொலைவிலுள்ள தென்கடலில் எழும் பேரலை, காற்றில்லாத நாளிலும் நம் கரையை வந்து தாக்கும். கேரள மீனவர்கள் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயரிட்டனர்; அப்பெயரையே அறிவியலாரும் ஏற்றுக்கொண்டனர். 2024 மே 6ஆம் நாள் குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். அந்நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. அவர்கள் நம் வயதினர்; நம்மைப் போலவே விடுமுறையில் கூடிச் சென்றவர்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அச்செய்தியைப் படித்த பிறகும் நாம் கைதட்டித் தீர்மானம் நிறைவேற்றினால், குறை கூறப்பட வேண்டியவர்கள் நாம்தாம்.

பழைய அறிவும் இன்று மாறி வருகிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கோடைக் காலத்தில் 1901 முதல் 2012 வரை சுமார் 1.2 டிகிரி சூடேறியிருப்பதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். புயல் என்றால் வங்கக் கடல்தான் என்றிருந்த காலம் போய், 2017இல் ஒக்கியும் 2021இல் தவ்க்தேவும் அரபிக் கடலில் எத்தனையோ உயிர்களைக் குடித்தன. ஆகவே மீனவரின் அனுபவமும் வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் மையத்தின் அறிவிப்பும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தள்ளுவது அறிவுடைமை அன்று.

இவ்வூர்க் கோளி மக்கள் ஆகஸ்டு மாதத்தையொட்டி வரும் நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்து வணங்கிய பிறகே மீண்டும் தொழிலுக்குப் படகு இறக்குவது மரபு. தலைமுறை தலைமுறையாக இக்கடலோடு வாழ்ந்தவர்களே காத்திருந்து, வணங்கி, பிறகு இறங்குகிறார்கள். நேற்று இரயிலில் வந்து இறங்கிய நாம் காத்திருக்க மாட்டோமா?

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு என் திருத்தம் இது. கடற்கரை உலாவைச் சனவரி மாதத்துக்கு, பொங்கலை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவோம். ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் குறிப்போம். உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டுமே இறங்குவோம். முதலில் ஒரு கோளிப் பெரியவரிடம் கேட்டுவிட்டு இறங்குவோம். மராத்தியில் எப்படிக் கேட்பது என்பதை நான் சொல்லித் தருகிறேன். அந்த அடிக்குப் பிறகு அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன்.

எந்தக் கடல் நல்ல கடல் என்று கேட்ட நண்பர்களுக்கு என் விடை இதுதான்: நாம் கேட்டறிந்து இறங்கும் கடல் நல்ல கடல். சனவரியில் நீர் சற்றுக் குளிரும். குளிரட்டுமே! நடுங்கிக்கொண்டே கரையேறிச் சூடாகத் தேநீர் குடிக்கலாம். எத்தனை பேர் போகிறோமோ, அத்தனை பேரும் திரும்பி வந்து குடிக்க வேண்டும்.